குட்டியானைக்குக் கிளீனர் எதற்கு?

ஓசூரில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் டேபிள்டாப் வார்கேம் ஆடுவோம். ஆளுக்கு ஆயிரம் பாயிண்ட்டுக்குப் படை எடுக்கணும். அதுல 50 பாயிண்ட்டுக்கு ஒரு சப்போர்ட் யூனிட் இருக்கு. அவன் சுடவும் மாட்டான், அடிக்கவும் மாட்டான். அவன் பக்கத்துல நிக்கிறவங்க டைஸ்ல ஒன்னு விழுந்தா, அதை மட்டும் இன்னொரு தடவை உருட்டிக்கலாம். அவ்வளவுதான். எடுக்கலாமா, தண்டமா? மூணு மாசமா எங்களுக்குள்ள இதே சண்டை."

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் உயரப் பொம்மை வீரர்கள், ஓர் அளவு நாடா, கை நிறைய டைஸ். பாயிண்ட் என்பது வீரர்களின் விலை. இவர்கள் தரையில் பாய் விரித்து ஆடுகிறார்கள். குன்றும் பதுங்குகுழியும் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் வந்த காலி டப்பாக்கள். வீரன் சுட்டால் டைஸ் உருட்ட வேண்டும். நல்ல வீரன் என்றால் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் குண்டு பட்டது. பட்ட குண்டு காயப்படுத்தியதா, கவசம் தடுத்ததா என்று அடுத்தடுத்து உருட்டிக்கொண்டே போகலாம். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தன் நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தரவே டைஸ் வைத்து இப்படியொரு ஆட்டத்தை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் வார்ஹாமர் 40,000 வந்தது 1987இல். தம்பி குழுவினர் விதிகளைத் தங்கள் வசதிக்குக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு விதிதான்: ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டு.

நம் தாயத்தில் ஒன்று விழுந்தால் கொண்டாட்டம். அது விழாமல் காயே இறங்காது, விழுந்தால் இன்னொரு ஆட்டமும் உண்டு. இந்த ஆட்டத்தில் ஒன்று குப்பை, எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் குறி தப்பியது என்றே கணக்கு. அந்தக் குப்பையைப் பொறுக்கி மறுபடி உருட்ட விடுகிறான் துணையாள், அதாவது தம்பி கேட்ட அந்த சப்போர்ட் யூனிட்.

எவ்வளவு லாபம்? 36 டைஸ் உருட்டுவதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒவ்வொரு எண்ணும் ஆறு தடவை விழும். நல்ல வீரனுக்கு மூன்று விழுந்தால் போதும் என்றால் 24 குண்டுகள் பட்டன. மீதி 12 தப்பின: ஆறு டைஸில் ஒன்று விழுந்தது, ஆறு டைஸில் இரண்டு விழுந்தது. ஒன்று விழுந்த ஆறையும் எடுத்து மறுபடி உருட்டினால் அவற்றில் நான்கு படும். மொத்தம் 28. அதாவது ஆறில் ஒரு பங்கு கூடியது.

இப்போது குறி பார்க்கத் தெரியாத மொக்கை வீரன். அவனுக்கு ஐந்து வேண்டும். 36இல் 12 பட்டன. ஒன்று விழுந்த ஆறில் இரண்டு படும். மொத்தம் 14. இங்கேயும் ஆறில் ஒரு பங்குதான். இரண்டு விழுந்தாலே போதும் என்கிற சூரன்? 30 பட்டன, மறு உருட்டலில் ஐந்து, மொத்தம் 35. திரும்பவும் அதே ஆறில் ஒரு பங்கு!

இது தற்செயல் இல்லை. இதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி உருட்டும் டைஸுக்குப் பழைய நினைவு கிடையாது. முதல் தடவை எத்தனையில் எத்தனை படுமோ, மறு தடவையும் அதே விகிதத்தில்தான் படும். ஆறில் ஒரு டைஸுக்கு மறுபிறவி கிடைக்கிறது, அந்தப் பிறவியிலும் அது அதே குணத்தோடு பிறக்கிறது. ஆகவே வீரன் யாராக இருந்தாலும் அவன் பலம் ஏழின் கீழ் ஆறால் பெருகும். துணையாள் கூட்டல் செய்வதில்லை, பெருக்கல் செய்கிறான்.

இன்னும் கொஞ்சம் தோண்டலாம். மறுபடி உருட்டியதிலும் ஒன்று விழுந்தால் மீண்டும் உருட்டலாம், அதிலும் ஒன்று விழுந்தால் மீண்டும் என்று விதியைத் தளர்த்திவிட்டால் என்ன ஆகும்? ஒன்று, கூட்டல் ஆறில் ஒன்று, கூட்டல் முப்பத்தாறில் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்தான். முடிவில்லாமல் கூட்டினால் ஆறின் கீழ் ஐந்து, அதாவது 1.2 வரும். இந்த விடையைக் கணக்கே போடாமலும் சொல்லிவிடலாம்: ஒன்று என்ற முகமே டைஸிலிருந்து அழிந்துவிட்டது, கையில் இருப்பது இப்போது ஐந்து முக டைஸ்! ஆக மொத்த லாபமே 20 சதவீதம்தான். அதில் 16.7 சதவீதம் முதல் மறு உருட்டலிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது துணையாளையும் வாங்கி இன்னொரு தடவை உருட்டலாமே என்று ஆசைப்படுகிறவர்கள், மிச்சம் கிடப்பது சட்டியின் அடியில் ஒட்டிய பருக்கைதான் என்று தெரிந்துகொள்ளட்டும். பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு டைஸை ஒரு தடவைக்கு மேல் மறுபடி உருட்டவே கூடாது.

"டைஸ் எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்" என்று வேறொரு வகைச் சலுகையும் உண்டு. அதன் குணமே வேறு. இரண்டு விழுந்தாலே போதும் என்கிற சூரனைத் தவிர யாருக்கும் 36 டைஸுக்கு ஆறு குண்டு கூடும். 24 படுகிறவனுக்கு அது கால் பங்கு லாபம், 12 படுகிறவனுக்குப் பாதி, ஆறே படுகிறவனுக்கு இரட்டிப்பு. சம்பள உயர்வு சதவீதத்தில் வந்தால் அதிகாரிக்குக் கொண்டாட்டம், எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் கடைநிலை ஊழியருக்குக் கொண்டாட்டம் அல்லவா, அதே கதை.

சரி, 50 பாயிண்ட்டுக்கு வருவோம். தொப்பூர் கணவாயில் இறங்கும் சரக்கு லாரியைப் பாருங்கள். கிளீனர் வண்டி ஓட்டுவதில்லை. பின்னால் எடுக்கும்போது தட்டிச் சொல்வான், டயரைத் தட்டிப் பார்ப்பான், ஓட்டுநர் கண் சொக்கினால் பேச்சுக் கொடுப்பான். அவன் சம்பளம் கட்டுப்படியாகிறதா என்பது அவனைப் பொறுத்ததே இல்லை, லாரியில் ஏற்றிய சரக்கைப் பொறுத்தது. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிக்கு யாரும் கிளீனர் வைத்துக்கொள்வதில்லை.

துணையாளும் அப்படித்தான். அவனைச் சுற்றி நிற்கும் வீரர்களின் விலை 300 பாயிண்ட் என்றால், ஆறில் ஒரு பங்காக 50 பாயிண்ட் மதிப்புள்ள சுடும் பலம் கூடுகிறது. வாங்கிய விலைக்குச் சரி. 300க்கு மேல் போனால் லாபம், கீழே என்றால் நஷ்டம். தம்பியின் நண்பர்கள் இந்தக் கணக்கு வரைக்கும் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சண்டை தீராததற்குக் காரணம், இந்தக் கணக்கு பாதிதான் சரி.

ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்றொரு ஆங்கிலேயர். கார் செய்து விற்ற இன்ஜினியர். முதல் உலகப் போர்க் காலத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார். அதே நேரத்தில், 1915இல், ரஷ்யாவில் ஓசிபோவ் என்பவரும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கணக்கு இதுதான்: துப்பாக்கிச் சண்டையில் ஒரு படையின் பலம் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப இல்லை, எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. காரணம் எளிது. ஓர் ஆள் கூடினால் ஒரு துப்பாக்கி கூடுகிறது, அது ஒரு நன்மை. எதிரியின் குண்டுகளை வாங்கிக்கொள்ள ஓர் உடம்பும் கூடுகிறது, அது இன்னொரு நன்மை. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. சமமான திறமை உள்ள பத்துப் பேரும் எட்டுப் பேரும் கடைசி ஆள் வரை சுட்டுக்கொண்டால், பத்துப் பேர் தரப்பில் மிஞ்சுவது இரண்டு பேர் அல்ல. 100லிருந்து 64 போனால் 36, அதன் வர்க்கமூலம் ஆறு. ஆறு பேர் மிஞ்சுவார்கள்! 1945இல் நடந்த இவோ ஜிமா போரின் கணக்கு வழக்கை வைத்து எங்கல் என்பவர் 1954இல் இந்தச் சமன்பாட்டைச் சரிபார்த்தார். நன்றாகவே பொருந்தியது.

திறமைக்கு இந்த வர்க்கச் சலுகை கிடையாது. குறி ஆறில் ஒரு பங்கு கூடினால் பலமும் ஆறில் ஒரு பங்குதான் கூடும். இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 300 பாயிண்ட் வீரர்களோடு துணையாள்: 300இன் வர்க்கம் 90,000, அதை ஏழின் கீழ் ஆறால் பெருக்கினால் 1,05,000. அதே 50 பாயிண்ட்டுக்குத் துணையாளுக்குப் பதில் வீரர்களையே வாங்கியிருந்தால் 350இன் வர்க்கம், 1,22,500. துணையாள் தோற்றான். 600 பாயிண்ட்டில்? துணையாளோடு 4,20,000. 650இன் வர்க்கம் 4,22,500. மயிரிழையில் அப்போதும் தோற்கிறான். சுமார் 624 பாயிண்ட்டைத் தாண்டினால்தான் அவன் கை ஓங்குகிறது. நாம் 300 என்று நினைத்தது இரட்டிப்புக்கும் மேலே போய்விட்டது. துணையாள் துப்பாக்கியைத் தந்தான், உடம்பைத் தரவில்லை.

அப்படியானால் விடை 624 என்று முடித்துவிடலாமா? அங்கேதான் மாம்பழக்கூழ் டப்பா வருகிறது. எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சுட முடிந்தால்தான் வர்க்க விதி செல்லும். குறுகலான வழியில் முன்வரிசை மட்டுமே மோத முடியும் என்றால் பின்னால் நிற்கும் கூட்டத்தால் பயனில்லை, பலம் வெறும் எண்ணிக்கைதான். கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1791இல், மூன்றாம் மைசூர்ப் போரில், கும்பினிப் படை கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையை எட்ட முடியாமல் திரும்பியது. அந்தச் சரிவில் ஆயிரம் பேர் இருந்தாலும் மேலே போய் மோதுவது பத்துப் பேர்தான். அப்படிப்பட்ட களத்தில் நம் பழைய 300 கணக்கே சரி. பாயில் டப்பாக்கள் நெருக்கமாக இருந்தால் 300 பக்கம், வெட்டவெளி என்றால் 624 பக்கம்.

மூன்று மாதமாக ஆடியும் இது ஏன் இவர்களுக்குத் தெரியவில்லை? டைஸின் ஆட்டம் அப்படி. 20 டைஸ் உருட்டினால் சராசரி 13.3 படும், துணையாள் இருந்தால் 15.6. வித்தியாசம் இரண்டு சொச்சம். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் தானாகவே ஏற்படும் ஏற்ற இறக்கமும் இரண்டு சொச்சம்தான். ஏறத்தாழ ஆறு தடவைக்கு ஒரு தடவை, துணையாள் இல்லாத வீச்சே அவன் உள்ள வீச்சை ஜெயித்துவிடும். அந்த ஒரு தடவையைத்தான் நண்பர்கள் ஆறு மாதம் பேசுவார்கள். "அவன் ராசியில்லாதவன்" என்ற பட்டமும் வரும். தம்பியின் குழுவில் ஒருவர் தன் சிவப்பு டைஸை யாரையும் தொட விடுவதில்லையாம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு பிரேக்கைச் சோதிக்காமல் கணவாயில் இறங்குகிறவருக்கும் இவருக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால் செல்போன் விரிதாளில் பத்தாயிரம் வீச்சு உருட்டிப் பாருங்கள், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தலாம் என்று எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் கணித மன்றத்துக்கு ஆறு டஜன் டைஸ் வாங்கித் தரக் கேட்டேன். சூதாட்டச் சாமான் பள்ளிக்குள் வரக் கூடாது என்றார்கள். சில நூறு ரூபாய் சமாசாரம். அந்த வருடமே வாங்கிய பெரிய தொடுதிரைப் பலகை இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது.

சுடுவதை மட்டும் வைத்து ஆளை எடைபோடுவதிலும் ஒரு தப்பு உண்டு. கொடி நட்ட இடத்தில் சும்மா நின்றாலே மதிப்பெண் தரும் ஆட்டங்களில், 50 பாயிண்ட் ஆள் ஒருவன் மூலையில் நின்று 200 பாயிண்ட் வீரர்களை அந்தக் காவல் வேலையிலிருந்து விடுவிப்பான். அவனை ஒழிக்க எதிரி தன் பெரிய பீரங்கியை ஒரு சுற்று வீணாக்கினால் அதுவும் வரவுதான். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரர்களைத்தான் பார்ப்போம். ஆனால் செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் வெட்டியிருக்கிறது, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்ற செய்தியும் இருக்கிறது. சோறு மட்டுமே சம்பளமாக வாங்கிய துணையாள்.

தம்பி அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அவர் துணையாளைச் சுற்றி நிறுத்துவது 280 பாயிண்ட், மீதியை இரண்டு ஓரங்களுக்கும் ஓட விடுகிறார். டப்பாவை எப்படி அடுக்கினாலும் கட்டாது. அந்த 50க்கு இரண்டு வீரர்களை வாங்கிக்கொள்ளட்டும். எதிரே ஆடும் நண்பருக்கு 700 பாயிண்ட்டை ஒரே கும்பலாக நிறுத்தும் பழக்கமாம். அவர் துணையாளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது தம்பியின் விருப்பம்.