பன்னிரண்டுக்குள் இடறும் மூன்று

மேசையில் கையை வைத்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணுங்கள். 3, 6, 8, 10, 12 வரும்போது மட்டும் ஓங்கித் தட்டுங்கள். முதல் நாலைந்து முறை கை தடுமாறும், பரவாயில்லை. ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில், பாட்டும் கிட்டாரும் ஆட்டமும் சேர்ந்த ஃபிளமெங்கோவின் கலைஞர்கள் ‘புலெரியா’ என்று அழைக்கும் தாளச் சுற்று இது.

ராக் டிரம்மரின் கை நான்கு நான்காகப் பழகியது. அவர் இதற்குள் எப்படி நுழைவார்? செவில்லா நகரில் 1974-இல் உருவான ‘ட்ரியானா’ ராக் குழு இறங்கியது இந்தச் சிக்கலில்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பழைய ஃபிளமெங்கோ பேட்டையின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். பாட்டும் கீபோர்டும் ஹெசூஸ் தெ லா ரோசா. முதல் ஆல்பம் ‘எல் பாத்தியோ’ 1975-இல் வந்தது.

கணக்கைப் பாருங்கள். டிரம்மர் இரண்டு எண்ணிக்கைக்கு ஓர் அடி போடுகிறார் என்று வையுங்கள். அவர் அடி 2, 4, 6, 8, 10, 12-இல் விழும். புலெரியாவின் ஐந்து அழுத்தங்களில் நான்கு அங்கேயே இருக்கின்றன! மூன்று மட்டும் இரண்டு அடிகளுக்கு நடுவே இடறும். இரண்டு சுற்று முடிந்தால் அவருக்குச் சரியாக மூன்று நாலடிச் சுற்று. ஆகவே தாளம் உடைவதில்லை. சுற்றுக்கு ஒருமுறை கால் வழுக்கி, பிறகு நிலைகொள்கிறது. எனக்கு இந்தக் கலவையில் பிடித்ததே அந்த வழுக்கல்தான்.

சுரத்திலும் ஓர் உரசல் உண்டு. ஃபிளமெங்கோ கிட்டார் ஏ மைனர், ஜி, எஃப் என்று கார்டு கார்டாக (சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகளாக) இறங்கி ‘இ’யில் வந்து நிற்கும். கடைசி இறக்கம் அரைச்சுரம். தோடி ராகத்தின் ரிஷபம் ஸட்ஜத்தை ஒட்டி நிற்குமே, அந்த இடைவெளி. எஃப் பிடிக்கும்போது முதல் கம்பியை விரல் வைக்காமல் திறந்தே விடுவார்கள். அது நொடிக்கு 329.6 முறை அதிரும் ‘இ’. நான்காம் கம்பியின் எஃப் 174.6. ஆனால் எந்தக் கம்பியும் தன் இரட்டிப்பையும் கூடவே எழுப்பும், அது 349.2. வித்தியாசம் சுமார் 20. நொடிக்கு இருபது முறை ஒலி ஏறி இறங்குவதைக் காது தனித்தனியாக எண்ணாது, கரகரப்பாகவே உணரும்.

நைலான் கம்பியின் ஒலி சீக்கிரம் செத்துவிடும், கரகரப்பும் கூடவே போய்விடும். இதே நெருக்கத்தை ஆர்கனில் அழுத்திப் பாருங்கள்: விரலை எடுக்கும்வரை அது அறை முழுவதும் புகைபோல் நிற்கும். கிட்டாரில் மின்னி மறைந்தது சைக்கடெலிக் ஆகிவிடும், அதாவது கனவு மயக்கம் போன்ற ஒலியாகிவிடும்.