மீக்கடத்தி: சூப்பர் கண்டக்டர்ல அந்த 'சூப்பர்' எதுக்கு?

சூப்பர் கண்டக்டர்னு கேட்டதும் நிறைய பேர் நினைக்கிறது, காப்பர் கரண்ட்டை நல்லா கடத்தும், இது அதைவிட சூப்பரா கடத்தும், அவ்ளோதானேன்னு. அப்படி இல்லைங்க, ஒரு அளவுக்குக் கீழ குளிர வெச்சா கரண்ட்டுக்கு இருக்குற தடையே, அதாவது ரெசிஸ்டன்ஸே, சுத்தமா காணாம போற பொருள் இது. இந்த 'சூப்பர்' பாராட்டே கிடையாது. சூப்பர், சுப்ரா ரெண்டுமே லத்தீன்ல 'மேலே', 'அப்பால்'. ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் இன்னிக்கும் இந்தச் சொல் சுப்ரானுதான் ஆரம்பிக்கும்.

இந்தப் பேரை வெச்சவர் நெதர்லாந்துல லைடன் யுனிவர்சிட்டியில இருந்த காமர்லிங் ஓன்னஸ். 1908 ஜூலைல ஹீலியத்தை முதன்முதலா திரவமாக்கினவரும் அவரேதான், அதனாலதான் அவ்வளவு குளிர்ல உலோகம் எப்படி நடந்துக்கும்னு பாக்குற வசதி அப்போ அவர் லேப்ல மட்டும்தான் இருந்துச்சு. ரொம்பக் குளிர்ல எலக்ட்ரானே உறைஞ்சு ரெசிஸ்டன்ஸ் எகிறிடும்னு கெல்வின் பிரபு சொல்லியிருந்தார். ஓன்னஸ் பிளாட்டினம், தங்கம்னு பாத்தார், ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சுட்டே வந்து ஒரு இடத்துல நின்னுடுச்சு, கலப்படம்தான் காரணமா இருக்கும்னு பாதரசத்துக்குப் போனார், ஏன்னா அதைக் காய்ச்சி வடிச்சே நல்லா சுத்தம் பண்ணிடலாம். 1911 ஏப்ரல் 8, அளந்தவர் கில்லஸ் ஹோல்ஸ்ட். அன்னிக்கு ஓன்னஸ் நோட்டுல எழுதினது: பாதரசம் கிட்டத்தட்ட பூஜ்யம். அடுத்தடுத்து அளந்தப்பதான் தெரிஞ்சுது, ரெசிஸ்டன்ஸ் மெல்ல மெல்ல குறையல, 4.2 கெல்வின்ல, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் பக்கத்துல, சடார்னு காணாம போகுது. இது உலோகத்தோட புது நிலைனு ஓன்னஸுக்கு அப்பதான் புரிஞ்சுது. 1914-ல ஈயக் காயில் ஒண்ணுல கரண்ட்டை ஓடவிட்டு பேட்டரியை எடுத்துட்டாங்க, மணிக்கணக்கா அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு, கரண்ட் ஓடுற வரைக்கும் விலகியே நின்ன, பக்கத்துல வெச்ச காந்த ஊசிதான் சாட்சி.

இதுல செம விஷயம், நல்ல கடத்திகள்னு பேர் வாங்கின வெள்ளி, தாமிரம், தங்கம் மூணும் சாதாரண அழுத்தத்துல எவ்வளவு குளிர வெச்சாலும் இப்படி ஆனதா இதுவரை யாரும் பாக்கல. சுமாரா கடத்துற ஈயம் 7.2 கெல்வின்லயே ஆயிடுது!

அதனாலதான் 'அதிகடத்தி'னு யாராவது எழுதினா எனக்கு ஒப்பமாட்டேங்குது, அதிகமா கடத்துதுன்னு அர்த்தம் ஆயிடும். பாடப்புத்தகத்துல வர்ற 'மீக்கடத்தி'தான் சரி. 'மீ'ன்னா மேலே, மீமிசைல வர்ற அதே மீ. லத்தீன் சுப்ராவுக்கு இதைவிடப் பொருத்தமா கிடைக்காது. 'க்' போடணுமா வேணாமான்னு ஒரு சண்டை இருக்கு, ரெண்டு மாதிரியும் எழுதுறாங்க, குறள்ல 'மீக்கூறும்'னு வர்றதால நான் க் போடுற கட்சி. பண்பைச் சொல்ல மீக்கடத்துத்திறன், தடை மறையுற அந்த வெப்பநிலை மாறுநிலை வெப்பநிலை. குறைக்கடத்தி வேற, அது செமிகண்டக்டர், சிலிக்கான் சிப் சமாச்சாரம்.