தேய்வு, தேய்மானம், பாவனைக்காலம்

ஒரே உலையில், ஒரே கொல்லன் கையால் அடித்த இரண்டு மண்வெட்டிகளில் ஒன்றைத் தம்பலகாமத்து வயலுக்கும் மற்றதை நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்கும் கொடுத்தால், மணலில் கொத்தியதன் வாய் முந்திக் கரைந்து வட்டமாகிவிடும். திருகோணமலையில் இதை "மணலுக்குள்ளே நின்றுபிடிக்காது" என்று சொல்வோம். ஆலைகளில் பழுக்கக் காய்ச்சிய உருக்கை அச்சுக்குள் வைத்து அடித்து உருவாக்கும் தொழிலிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே, கருவி தேய்வதற்கு ‘டூல் வெயர்’, அது பயன்படும் காலத்துக்கு ‘டூல் லைஃப்’ என்ற ஆங்கிலச் சொற்களே புழங்குகின்றன. இவற்றுக்கு உரிய தமிழ்ச் சொற்கள் நம்மிடம் பழமையாகவே இருக்கின்றன.

அடிச்சொல் ‘தேய்’. நிலவு தேய்கிறது என்னும்போது அது தன்வினை. சந்தனத்தைக் கல்லில் தேய்க்கிறோம் என்னும்போது பிறவினை. அல்லற்பட்டவர் அழுத கண்ணீரைச் ‘செல்வத்தைத் தேய்க்கும் படை’ என்கிறது 555ஆம் குறள். அங்கே படை, அதாவது கருவி, தேய்க்கிறது, செல்வம் தேய்கிறது. அடிப்புத் தொழிலிலோ தேய்வது கருவியேதான். காய்ச்சிய உருக்கு வழுக்கி ஓடும் ஒவ்வோர் அடியிலும் அச்சின் சுவரைத் தேய்த்துக்கொண்டு போகிறது. ஆகையால் அந்த நிகழ்வுக்குத் தன்வினையிலிருந்து பிறந்த ‘தேய்வு’ என்பதே பொருந்தும்: கருவித் தேய்வு, அச்சுத் தேய்வு.

‘தேய்மானம்’ இதனோடு ஒட்டியது என்றாலும் முற்றிலும் ஒன்றல்ல. வருமானம் என்பது வந்த அளவு. பெறுமானம் என்பது பெறத்தக்க அளவு. அவ்வழியே தேய்மானத்தைத் தேய்ந்துபோன அளவுக்கு ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டுக் கணக்கியல் நூல்களில் சொத்தின் மதிப்புக் குறைவதையும் தேய்மானம் என்றே எழுதுகிறார்கள். இலங்கையில் அதற்குப் ‘பெறுமானத் தேய்வு’ என்ற தனிச்சொல் பாடசாலையிலிருந்தே பழகிவிட்டதால், பொறியியலுக்குத் தேய்மானம் என்ற சொல் குழப்பமின்றிக் கிடைக்கிறது.

இந்த அளவைக் கணிக்க 1953இல் ஆர்ச்சட் என்ற ஆய்வாளர் முன்வைத்த சமன்பாடு இன்றும் கையாளப்படுகிறது. தேய்மானத்தின் கனவளவு, அழுத்தும் விசைக்கும் வழுக்கும் தூரத்துக்கும் நேர்விகிதமாகவும், தேயும் பொருளின் வன்மைக்கு நேர்மாறாகவும் இருக்கும் என்பது அதன் சாரம். சிக்கல் என்னவென்றால், அந்த வன்மை அச்சின் வாழ்நாள் முழுவதும் ஒரே மாதிரி நிற்பதில்லை. அடிபடும் உருக்கு ஏறத்தாழ 1100 முதல் 1250 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் வருகிறது. குரோமியம், மொலிப்டினம், வனேடியம் கலந்த அச்சுருக்கின் தோய்ச்சலோ, அதாவது அதை மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்தும் வேலையோ, பெரும்பாலும் 550 முதல் 600 பாகை அளவில் முடிக்கப்பட்டிருக்கும். ஆகவே அச்சின் மேற்றோல் அந்தச் சூட்டைத் தாண்டும்போதெல்லாம் தோய்ச்சல் இளகி, மென்மையான இடத்தில் தேய்வு விரைகிறது. இதற்குமேல், சூடான உருக்கின்மீது படரும் ஒக்சைட்டுச் செதிள் உதிர்ந்து, நிலாவெளி மணலைப் போலவே இடையில் நின்று அராவுகிறது.

‘டூல் லைஃப்’ என்பதற்கு ‘ஆயுள்’ என்று எழுதுவோர் உண்டு. பிழையில்லை, ஆனாலும் நம் பேச்சில் ஊன்றிய ‘பாவனைக்காலம்’ எனக்கு மேலாகப் படுகிறது, ஏனெனில் அச்சு சாவதில்லை, பாவிக்க முடியாத நிலைக்கு வருகிறது. ஒரே வரைபடத்தில், ஒரே உருக்கில் செய்த இரண்டு அச்சுகள் ஒரே எண்ணிக்கையான உருப்படிகளைத் தருவதில்லை. மசகு தெளித்த விதம், அச்சை முன்கூட்டிச் சூடாக்கிய அளவு, செதிள் நீக்கிய கவனம், சூடான உருப்படி அச்சுக்குள் கிடந்த நேரம் ஆகிய ஒவ்வொன்றும் கணக்கை மாற்றுகின்றன. இதுவே பாவனைக்கால வேறுபாடு.

அச்சின் பழுதெல்லாம் தேய்வும் அல்ல. கழற்றிய அச்சைப் பதிவேட்டில் எழுதுபவர் அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கூர் மழுங்கி வழவழத்திருந்தால் தேய்வு. சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டு மேற்பரப்பு வலைபோல் நூல்நூலாகப் பிளந்திருந்தால் வெப்ப வெடிப்பு. பள்ளத்தின் வடிவமே சரிந்திருந்தால் அமுங்கல். தேய்ந்த அச்சைப் பெரும்பாலும் மீண்டும் குடைந்து பாவிக்கலாம், ஆழமாக வெடித்ததை அப்படிச் செய்ய இயலாது.