கிருமியும் இல்லை, தொற்றும் இல்லை: ‘ஜெர்ம் செல்’ என்றால் இனவணு

சினைப்பையில் வரும் ‘ஜெர்ம் செல் டியூமர்’ என்பதைக் ‘கிருமி உயிரணுக் கட்டி’ என்று எழுதியிருப்பதை நேற்று மறுபடியும் பார்த்தேன். இதே சொல்லை ஒரு கையேட்டில் படித்துவிட்டு, “மகளின் தட்டு, தம்ளரைத் தனியாக வைக்கணுமா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். ‘ஜெர்ம்’ என்பதற்கு அகராதியில் முதலில் கண்ட ‘கிருமி’ என்ற பொருளை அப்படியே எடுத்து வைத்ததன் பலன் இது.

லத்தீனில் ‘ஜெர்மென்’ என்றால் முளை, துளிர். நோயின் வித்து என்ற கருத்தில்தான் அது பின்னால் நுண்ணுயிரிக்கும் பெயரானது. கோதுமை முளை எண்ணெயைக் ‘கோதுமைக் கிருமி எண்ணெய்’ ஆக்குவதும் இதே பிழைதான். உடலில் ‘ஜெர்ம் செல்’ என்பது முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகப்போகும் மூதாதை உயிரணு.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘சினைமுட்டைக் கட்டி’ என்கிறார்கள் சிலர். ஆனால் இதே வகைக் கட்டி ஆண்களின் விதைப்பையிலும் வருகிறது. கருவில் இந்த அணுக்கள் கருவுணவுப்பையின் (கருவோடு ஒட்டியிருக்கும் சிறு பை) சுவரிலிருந்து நகர்ந்துதான் சினைப்பைக்கோ விதைப்பைக்கோ போய்ச் சேருகின்றன. நெஞ்சின் நடுவிலும் மூளையிலும்கூட இவ்வகைக் கட்டிகள் உண்டு. அங்கெல்லாம் சினைமுட்டை ஏது? ‘பாலணு’ அழகான சொல்தான், ஆனால் அது முதிர்ந்த முட்டைக்கும் விந்தணுவுக்கும் உரியது. அதற்கு முந்தைய நிலைக்கு அதையே வைத்தால் இரண்டும் குழம்பும். ‘முளையணு’ லத்தீனுக்கு மிக நெருக்கம், எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு நெடில் தவறி விழுந்தால் ‘மூளையணு’. மூளையிலும் வரக்கூடிய கட்டிக்கு இப்படி ஒரு பெயரா? மருத்துவ அறிக்கையில் அந்த ஆபத்து வேண்டாம்.

நான் எழுதுவது ‘இனவணு’. இனப்பெருக்கத்துக்கான அணு என்பது கேட்டவுடன் புரிகிறது, எந்த உறுப்புக்கும் அதைக் கட்டிப்போடவும் இல்லை.

அப்புறம், ‘கட்டி’யைப் ‘புற்று’ என்று மாற்றும் அவசரமும் கூடாது. சினைப்பை இனவணுக் கட்டிகளில் பெரும்பாலானவை ‘முதிர்ந்த டெரட்டோமா’ என்ற வகை. உள்ளே முடி, கொழுப்பு, சிலநேரம் பல்கூட இருக்கும், ஆனால் புற்று அல்ல. புற்றாக இருப்பவை பெரும்பாலும் சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் வருகின்றன. அவையும் கீமோ சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படுகின்றன. ஆகவே கையேடு எழுதுபவர்கள் இந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் இப்படிப் போடட்டும்: சினைப்பை இனவணுக் கட்டி (இனப்பெருக்க உயிரணுவில் தோன்றுவது, தொற்றாது).