முழங்கை வலிக்கிறதா? வேகமான டிஸ்க்கைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்

வெள்ளவத்தையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் எனக்கு கிரிக்கெட் தோளும், கணினி முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்த கழுத்தும் பழகிப்போனவை. அண்மைக் காலமாக இன்னொரு கூட்டமும் வரத் தொடங்கியிருக்கிறது: டிஸ்க் கோல்ஃப் எறிபவர்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர்கள், வார இறுதியில் மட்டும் எறிபவர்கள். வலி அநேகமாக ஒரே இடத்தில்தான், முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில். அதற்கு அடுத்தபடி தோளின் முன்பக்கம். எப்படி வந்தது என்று கேட்டால், "இன்னும் தூரம் போகட்டும் எண்டு கொஞ்சம் பலமா எறிஞ்சன் மிஸ்" என்கிறார்கள்.

இவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வேகமான டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு மெதுவான டிஸ்க்கை எடுக்கச் சொல்லித்தான். வலி குறைவதற்கும் எறி தூரம் கூடுவதற்கும் இந்த ஒரு மாற்றம் போல உதவும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் போலத்தான், ஆனால் மட்டையும் பந்தும் இல்லை, கையால் எறியும் பறக்கும் தட்டுத்தான், அதாவது டிஸ்க். சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் டிஸ்க்கை எத்தனை குறைந்த எறிகளில் போடுகிறீர்கள் என்பதே கணக்கு. 1970களில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் ஒழுங்குபடுத்திய விளையாட்டு இது. அதன் உலகளாவிய சங்கமான பி.டி.ஜி.ஏ. தொடங்கியது 1976 இல்.

டிஸ்க்கின் மேல் பொதுவாக நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். ஏவியார் என்ற பட்டர் வகை (கூடைக்கு அருகிலிருந்து போட எடுக்கும் மெதுவான வகை) டிஸ்க்கில் 2, 3, 0, 1. டிஸ்ட்ராயர் என்ற டிரைவர் வகையில் (தூரத்துக்கு எறியும் வேகமான வகை) 12, 5, -1, 3. முதல் எண் வேகம், மற்றவை பறக்கும் விதத்தைக் குறிப்பவை. இங்கேதான் பெரும்பாலானோர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். 12 என்றால் அந்த டிஸ்க் உங்களுக்கு அவ்வளவு வேகம் தரும் என்று அர்த்தமில்லை. அது சரியாகப் பறக்க வேண்டுமென்றால் அவ்வளவு வேகத்தை உங்கள் கை அதற்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் என்ன நடக்கும்?

வலக்கைக்காரர் உடலுக்குக் குறுக்கே இழுத்து எறியும் பேக்ஹேண்ட் எறியில், மேலிருந்து பார்த்தால் டிஸ்க் கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் குறையக் குறைய, டிஸ்க்கைத் தூக்கிப் பிடிக்கும் விசையின் மையம் முன்விளிம்பை நோக்கி நகரும். சுழலும் பொருளின் முன்பக்கத்தைத் தூக்கினால் அது பின்னால் சாயாது, பக்கவாட்டில் சாயும். பெரும்பாலான டிஸ்க்குகள் கடைசியில் இடப்பக்கம் சரிந்து இறங்குவது இதனால்தான். பட்டர் டிஸ்க்கில் இந்தச் சரிவு மெல்லியது. 12 வேக டிரைவரைப் போதிய வேகமில்லாமல் விட்டால், கையை விட்டுப் போன கொஞ்ச நேரத்திலேயே இடப்பக்கம் வெட்டிக்கொண்டு தரையில் குத்தும். எறிந்தவர் அதைப் பார்த்து என்ன செய்வார்? அடுத்த முறை வலப்பக்கம் சாய்த்துப் பிடிப்பார், மணிக்கட்டை உருட்டுவார், இன்னும் பலமாக எறிவார். தூரம் ஐந்து மீற்றர் கூடும். முழங்கை அன்றிரவு வலிக்கும்.

இன்னொரு காரணம் நம்மவர்களுக்கே உரியது. கொழும்பில் பலருக்கு டிஸ்க் கிடைப்பது கடையில் அல்ல, சொந்தக்காரரின் பயணப்பெட்டியில். நோர்வே, பின்லாந்து, கனடா போன்ற இடங்களில் இந்த விளையாட்டு நன்றாக வேரூன்றியிருக்கிறது. அங்கிருந்து வரும் மாமாவோ மச்சானோ பாசத்தோடு கொண்டுவருவது பார்க்கப் பளபளப்பான, விளிம்பு கூரான டிரைவர்களை. அவற்றின் விளிம்பு அகலம் 2 சென்ரிமீற்றருக்கு மேல். பட்டர் டிஸ்க்கில் அது ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர்தான். சின்னக் கையுள்ள ஒருவர் அகன்ற விளிம்பைப் பிடிக்கும்போது விரல் நுனிகள் உள்மூலை வரை எட்டாது. எட்டாத குறையைக் கட்டைவிரல் அழுத்தி ஈடுசெய்யும். அந்த அழுத்தம் முழுவதும் போய்ச் சேருவது முன்கைத் தசைக்கு.

சென்ற மழைக்காலத்துக்கு முன்பு வந்த தெஹிவளைத் தம்பி ஒருவரைச் சொல்கிறேன். டிஸ்க்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "எறியிற மாதிரிப் பிடியுங்கோ தம்பி" என்றேன். பிடித்தார். அவருடைய கட்டைவிரல் நகம் முழுக்க வெளிறிப்போயிருந்தது. முன்கையின் மேற்பக்கத் தசை கயிறு போலப் புடைத்து நின்றது. இன்னும் எறியத் தொடங்கவே இல்லை, வெறுமனே நின்றுகொண்டிருக்கிறார். அப்படியே பிடித்திருக்கச் சொல்லி, முழங்கை வெளிமுனைக்கு ஒரு விரற்கடை கீழே மெதுவாக அழுத்தினேன். கையை உதறிவிட்டார். டிஸ்க்கை வாங்கிவிட்டு ஒரு பட்டரைக் கொடுத்து, நகத்தின் நிறம் மாறாத அளவுக்கு மட்டும் பிடிக்கச் சொன்னேன். அதே இடத்தில் அழுத்தினேன். "இப்ப அவ்வளவு இல்லை மிஸ்" என்றார்.

உடலுக்குள் நடப்பது இதுதான். நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது விரலை மடக்கும் தசைகள் மட்டும் வேலை செய்வதில்லை. மணிக்கட்டு உள்ளே மடங்கிவிடாமல் இருக்க, அதை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளும் கூடவே இறுகும். அவற்றின் தசைநாண்கள் முழங்கையின் வெளிமுனையில் ஒட்டியிருக்கின்றன. எறியும் நேரம் முழுக்க அவை இறுகியே இருந்து, கடைசி நொடியில் ஒரு பெரிய இழுவையும் சேர்ந்தால், அந்த ஒட்டும் இடம் தாங்காது. டெனிஸ் எல்போ என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான். அது வர டெனிஸ் விளையாட வேண்டியதில்லை.

சரி, எப்படிப் பிடிப்பது? பட்டரைக் கையில் எடுங்கள். விளிம்பு, சுட்டுவிரலின் அடியிலிருந்து உள்ளங்கைக்குக் குறுக்கே சாய்வாகச் செல்லும் ரேகையை ஒட்டிப் படியட்டும். கட்டைவிரலின் சதைப்பகுதி மேல்தட்டில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தட்டையாக இருக்கட்டும், நுனியால் குத்தவேண்டாம். தொடக்கத்தில் நான் பரிந்துரைப்பது விசிறிப் பிடி. சுட்டுவிரல் விளிம்பின் உட்சுவரோடு சேர்ந்திருக்க, நடுவிரலும் மோதிர விரலும் அடித்தட்டில் சற்று விரிந்து தாங்கும். நான்கு விரல்களையும் விளிம்புக்குள் சுருட்டிப் பிடிக்கும் பலப் பிடி பிறகு வரலாம். பிடித்த பின் முன்கையையும் டிஸ்க்கையும் பக்கவாட்டிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். டிஸ்க்கின் முன்மூக்கு மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கமாக ஒரு துளி கீழே இறக்குங்கள். மூக்குத் தூக்கிய டிஸ்க் மேலே ஏறி, நின்று, இடப்பக்கம் விழும். தூரம் போகவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பங்கு கைப்பலத்தில் இல்லை, இந்தச் சின்னக் கோணத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

பிடியின் இறுக்கத்துக்கும் நேரம் இருக்கிறது. ஈரத் துணியைக் கொடியில் போடுவதற்கு முன் உதறுவதை நினைத்துப் பாருங்கள். கை தளர்வாகப் போய், கடைசியில் மட்டும் சுண்டும். எறியும் அப்படித்தான். பின்னுக்கு இழுக்கும்போதும் நெஞ்சருகே கொண்டுவரும்போதும் டிஸ்க் நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்திருங்கள். விடுபடும் கணத்துக்குச் சற்று முன் விரல்கள் தாமாகவே இறுகும். நீங்களாக இறுக்கினால் அது எப்போதும் முன்கூட்டியே இறுகிவிடும்.

மெதுவான டிஸ்க் எறிபவரின் பிழையை மறைப்பதில்லை. மணிக்கட்டை உருட்டினால் பட்டர் வலப்பக்கம் கவிழ்ந்து விழும். பிடி தளர்ந்தாலோ, இழுக்கும் பாதை வளைந்தாலோ, கையை விட்ட உடனே தளதளவென்று ஆடும். அதே பிழையோடு டிரைவரை எறிந்தால், அதன் இடப்பக்கச் சரிவு உருட்டலைச் சமன்செய்து, பார்ப்பதற்கு நேராகப் போனது போலக் காட்டும். அந்தப் பிழையோடு ஆறு மாதம் எறிந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

தோள் வலிக்காரர்களிடம் நான் பார்ப்பது வேறு. டிஸ்க்கைக் கொண்டுவரும்போது மேற்கை நெஞ்சோடு ஒட்டிவிடுகிறது. முழங்கை முன்னால் வராமல், டிஸ்க் உடலைச் சுற்றி வளைந்து வருகிறது. தோள்மூட்டின் முன்பக்கம் நெருக்குப்படும், எறியும் இலக்கு தவறும். மேற்கைக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஏறக்குறைய செங்கோணம் இருக்கட்டும். முழங்கை முதலில், பிறகு முன்கை, கடைசியில் டிஸ்க். விசை இடுப்பிலிருந்து வரவேண்டும்: எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறி, இடுப்பு திரும்ப, கை பின்தொடரும். எறிந்து முடித்ததும் முன்காலைக் குதிக்காலில் சுழல விடுங்கள். பாதத்தை மண்ணில் ஊன்றியபடி உடலைத் திருப்பினால் முழங்கால் முறுகும், ஈரப் புல்லில் இன்னும் மோசம். இதெல்லாம் பழகும்வரை ஓடிவந்து எறிவதை விட்டு, நின்ற இடத்திலேயே எறியுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் கை உண்டு. எல்லைக்கோட்டிலிருந்து பந்தை வீசிப் பழகிய கை என்பதால், பேக்ஹேண்டை விட ஃபோர்ஹேண்ட் (எறியும் கைப்பக்கமிருந்தே, உள்ளங்கை முன்னோக்கி வீசும் எறி) சுலபமாக வருகிறது. அதில் வலி முழங்கையின் உட்பக்கம் வரும். அங்கே இருக்கும் தசைநார் மீது விழும் சுமை அதிகம், சரியாக ஆறுவதற்கும் நாளெடுக்கும். ஆகவே ஃபோர்ஹேண்டையும் மிட்ரேஞ்ச் டிஸ்க்கால் (பட்டருக்கும் டிரைவருக்கும் இடைப்பட்ட வகை), பாதி வேகத்தில் தொடங்குங்கள். அல்டிமேட் (இதே போன்ற தட்டை அணிகளாக எறிந்து ஆடும் விளையாட்டு) விளையாடிப் பழகியவர்கள் இதில் முன்னால் நிற்கிறார்கள். அவர்கள் எறியும் 175 கிராம் டிஸ்க்கும் மெதுவானதுதான், சுழற்சி கொடுக்க அவர்கள் கை ஏற்கெனவே கற்றிருக்கிறது.

கொழும்பின் வெக்கையைத் தனியாகச் சொல்லவேண்டும். உள்ளங்கை வியர்த்தால் டிஸ்க் வழுக்கும், வழுக்கினால் கை தானாக இறுகும். ஒவ்வோர் எறிக்கு முன்னும் கையையும் விளிம்பையும் துவாயால் துடையுங்கள். காலிமுகத்திடல் போன்ற கடலோரங்களில் பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும், தென்மேல் பருவக்காற்று மாதங்களில் நாள் முழுக்கவும் வீசும். எதிர்க்காற்றில் எந்த டிஸ்க்கும் வலப்பக்கம் கவிழப் பார்க்கும், எறிபவர் அதோடு மல்லுக்கட்டுவார். கற்றுக்கொள்ளும் காலத்தில் அதிகாலையில், காற்று குறைந்த நேரத்தில், ஆட்கள் நடமாட்டமில்லாத மைதானத்தில் எறியுங்கள். நடைப்பயிற்சிக்காரரும் குழந்தைகளும் இருக்கும் பூங்காவில் டிரைவரை எடுக்கவே கூடாது. அதன் விளிம்பு முகத்தில் பட்டால் தையல் போடவேண்டி வரும்.

எவ்வளவு எறிவது? 15 மீற்றரில் ஒரு இலக்கு வைத்து, ஆட்டமில்லாமல் தட்டையாகப் போகும்வரை பட்டர் மட்டும். பிறகு 25, பிறகு 40. ஒரு நாளைக்கு 30, 40 எறி போதும், அடுத்த நாள் ஓய்வு. முழுப் பலத்தில் எறிவது அதில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2016 இல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் நெவாடா பாலைவனத்தில் 338 மீற்றர் எறிந்த காணொளியைப் பலர் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். அது பின்காற்றைத் துணைக்கு வைத்துச் செய்த சாதனை எறி. உயர்மட்ட வீரர்கள் பட்டரையே 80 மீற்றருக்கு மேல் எறிகிறார்கள், அந்தக் காணொளிகளைப் பாருங்கள். பட்டரில் 50, 60 மீற்றர் நேராகப் போகத் தொடங்கியதும் 6, 7 வேக டிஸ்க்குக்கு மாறலாம். வெளிநாட்டு மாமாவிடம் கேட்பதானால் இரண்டு பட்டரும் ஒரு மிட்ரேஞ்சும் கேளுங்கள்.

ஏற்கெனவே வலி இருந்தால் முழு ஓய்வு எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், தசைநாணுக்கு அளவான வேலை தேவை. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியோடு மேலே தூக்கி, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. செய்யும்போது இலேசான வலி வரலாம், மறுநாள் காலை கூடியிருக்கக் கூடாது. கூடினால் எடையைக் குறையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுமை வேண்டும். இடையில் ஸ்டீரொயிட் ஊசி போடலாமா என்று கேட்பார்கள். முதல் சில வாரம் அது நல்ல நிவாரணம் தரும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்பும் வாய்ப்பே அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவசரப்படாதீர்கள்.

மோதிர விரலும் சின்னவிரலும் மரத்துப்போவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் தோள் வலி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமை, எறியும்போது "டப்" என்று ஒரு சத்தத்தோடு வந்த வலி, மூட்டில் வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் போத்தல் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். போகும்போது நீங்கள் எறியும் டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோங்கள்.