நிவாரணப் பொருள் வாங்கப் பணம் உண்டு, கொண்டுசேர்க்க?

உள்ளாட்சி நிதிக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பேரிடர் நிவாரண ஒதுக்கீட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே ஒரு தலைப்புதான் கண்ணில்படும்: பொருள் கொள்முதல். கிடங்கு வாடகை, லாரிக்கு டீசல், சுமை தூக்குவோரின் கூலி, பயனாளிகள் பட்டியல் எடுக்கும் ஊழியர்களின் படி ஆகியவற்றுக்குத் தனி ஒதுக்கீடு இருக்காது. பேரிடர் வந்த பிறகு வேறு தலைப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அந்த மறு ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் வரும்வரை பொருள் கிடங்கிலேயே கிடக்கும். இது என்னை இன்றும் வருத்துகிறது.

குடிநீரை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேரிடர்க் காலத்தில் குடிக்க, சமைக்க, கழுவ என ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்கின்றன உலகெங்கும் உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் மனிதநேய நெறிமுறைகள். முகாமில் 1,000 குடும்பங்கள், குடும்பத்துக்கு 5 பேர் என்றால் 75,000 லிட்டர். 10,000 லிட்டர் கொள்ளும் லாரி தினமும் 8 நடை அடிக்க வேண்டும். நிரப்பி, ஓட்டி, இறக்க நடைக்கு 2 மணி நேரம் என்றாலும் 16 மணி நேரம் ஆகிறது. அதற்கு ஓர் ஓட்டுநர் போதாது. 250 பேருக்கு ஒரு குழாய் என்ற அதே நெறிமுறைகளின் அளவுகோலின்படி 20 குழாய்கள் வேண்டும், பிறகு தொட்டிகள், குளோரின். தண்ணீர் இலவசமாகக் கிடைத்தாலும் இவ்வளவு செலவு உண்டு. சாதாரண நாளில் ஒரு பிற்பகலுக்குள் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கை வெள்ளம் புகுந்த இரவில் யாராலும் போட முடியாது.

நன்கொடையாக வரும் பொருளுக்கும் செலவு உண்டு. 1993 ஜூலையில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய ஜப்பானின் ஒகுஷிரி தீவில் சில ஆயிரம் பேர்தான் வாழ்ந்தார்கள். அங்கே சுமார் 5,000 டன் நிவாரணப் பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றை வைக்கத் தற்காலிகக் கிடங்கு கட்ட நேர்ந்தது. பயன்படாமல் போனவற்றை எரித்து அழிக்கவும் பணம் செலவானது.

பயனாளிகள் பட்டியலில்தான் அதிக அநீதி நடக்கிறது. களத்தில் சரிபார்க்கப் பணமில்லாதபோது பழைய வரிப் பதிவேட்டையே பட்டியலாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் பெயர் அதில் இருக்கும், பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் பெயர் இருக்காது. உதவியைப் பணமாகக் கொடுத்தாலும் இந்தக் குறை தீராது. விடுபட்டவர்கள் முறையிட ஒரு மேசை, அந்த மனுக்களை இரண்டொரு நாளில் விசாரிக்க ஆட்கள், இரண்டுக்கும் முன்கூட்டியே நிதி வேண்டும்.

நிதியாண்டு முடிந்தாலும் காலாவதியாகாத சேம நிதி ஒன்றும், லாரிக்கும் கிடங்குக்கும் முன்னரே விலை பேசி வைத்த ஒப்பந்தமும் அவசியம். அவசரச் செலவுக்கு யார், எந்த வரம்புவரை கையெழுத்திடலாம் என்ற தீர்மானமும் எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் நேர்மையான அலுவலர்கள்கூடத் தணிக்கை ஆட்சேபணைக்குப் பயந்து கோப்பை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். உங்கள் பகுதி உறுப்பினரிடம் அடுத்த வரவுசெலவுக் கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள்: விநியோகச் செலவுக்கென்று தனித் தலைப்பு இருக்கிறதா, அதில் எவ்வளவு தொகை இருக்கிறது?