வீல்சக்கர்: ஒதுங்குபவரும் ஒண்டுபவரும்

எதிர்க்காற்று வீசும் நேரான சாலை. ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக மிதித்துக்கொண்டிருக்கிறோம். முன்னால் இருப்பவர் தன் முறை முடிந்ததும் முழங்கையை லேசாக ஆட்டிவிட்டு விலகிக் கடைசிக்குப் போகிறார். அடுத்தவர் காற்றுக்கு முகம் கொடுக்கிறார். இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவது சுற்றில் ஒருவரின் முறை வந்தபோது அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். அவருடைய பின்சக்கரத்தின் ‘கிர்ர்ர்’ சத்தம் மட்டும் கேட்டது. “நீங்க போங்க அண்ணே, எனக்கு முட்டி சரியில்லை.”

சரி, முட்டி வலி யாருக்கும் வரும். அவரைத் தாண்டி முன்னால் போனோம். இருபது கிலோமீட்டர் ஓடியதும் தூரத்தில் ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்தது. கடைசியில் இருந்தவர் எழுந்து நின்று மிதித்தார். ஐந்து பேரையும் கடந்து பலகையை முதலில் தொட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், சிரிப்பும் எரிச்சலும் கலந்து: “டேய் வீல்சக்கர்!”

சாலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் கூடும் இடமெல்லாம் காதில் விழும் வசவு இது. நண்பனைச் சொன்னால் கிண்டல், முன்பின் தெரியாதவரைச் சொன்னால் புகார். அதன் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று சில காலமாக யோசித்துவருகிறேன். யோசிக்க யோசிக்க, தமிழுக்கு இதில் கடன் வாங்கும் தேவையே இல்லை என்று தோன்றுகிறது.

முதலில் பொருள். ‘வீல்’ சக்கரம், ‘சக்கர்’ உறிஞ்சுபவர். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை விட்டு அகலாமல், அவர் கிழிக்கும் காற்றின் பலனை முழுக்க அனுபவித்துக்கொண்டு, தன் முறை வரும்போது முன்னால் வராமல் இருப்பவர்தான் வீல்சக்கர். பின்னால் இருப்பது மட்டும் குற்றமாகாது, அதை எல்லோரும் செய்கிறோம். முறை எடுக்காமல் இருப்பதுதான் குற்றம். அந்த மிச்சம் பிடித்த தெம்பில் கடைசியில் எல்லோரையும் தாண்டிப் போவது அதைவிடப் பெரிய குற்றம்.

இதில் ஏன் இவ்வளவு ரோஷம் என்று சைக்கிள் ஓட்டாதவர்களுக்குப் புரிவது கஷ்டம். சமதளத்தில் வேகமாகப் போகும்போது நம் உழைப்பின் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே செலவாகிறது. வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அதை மீறிப் போகத் தேவையான திறன் எட்டு மடங்காகும். ஆகவே முன்னால் இருப்பவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தன் உடம்பிலிருந்து ஒரு விலை கொடுக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு சக்கர நீளத்துக்குள் இருப்பவருக்குக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். நெதர்லாந்தில் உள்ள ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அன்றைய பேராசிரியர் பெர்ட் ப்ளாக்கன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 121 ஓட்டுநர்கள் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் உள்ளே, பின்பகுதியில் இருப்பவர் மீதான காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவர் மீதானதில் வெறும் 5 முதல் 10 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். முன்னால் உள்ளவர் மூச்சுக்குத் தவிக்கும் வேகத்தில் உள்ளே இருப்பவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே வருவது இதனால்தான்.

முன்னால் இருப்பவருக்கும் சிறிய லாபம் உண்டு. பின்னால் ஒருவர் நெருங்கி வந்தால், முன்னவரின் முதுகுக்குப் பின்னால் உருவாகும் உறிஞ்சல் குறைகிறது. அவருடைய காற்றுத்தடையில் இரண்டு, மூன்று சதவீதம் போல மிச்சமாகும். “நான் பின்னால வர்றதால உனக்கும் லாபம்தானே?” என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு சரிதான், ஆனால் இரண்டு சதவீதத்தைக் கொடுத்துவிட்டு முப்பதை எடுத்துக்கொள்வதைப் பங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முன்னால் போகும் பொருளின் மறைவு எந்த அளவுக்கு உதவும் என்பதற்கு இரண்டு சாதனைகள் சாட்சி. 1899 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்பி என்பவர் ஓடும் ரயிலுக்குப் பின்னால், தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பிய பாதையில் ஒரு மைலை 57.8 வினாடிகளில் கடந்தார். 2018-இல் டெனிஸ் மியூல்லர் கோரெனெக் என்ற பெண்மணி யூட்டா மாநிலத்தின் உப்புத்தரையில் ஒரு பந்தயக் காரின் மறைவில் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். மனிதக் காலால் மிதித்த வேகம் அது. எதிரே காற்று இருந்திருந்தால் அதில் பாதிகூட முடியாது.

இனி சொல்லின் பிறப்பு. சைக்கிள் பந்தயம் வேரூன்றிய ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இதே வசவு உண்டு, இதே உருவகத்தோடு. பிரெஞ்சில் ‘சூசேர் த ரூ’, இத்தாலியனில் ‘சுக்யாருவோத்தே’, ஸ்பானியத்தில் ‘சுப்பார்ருவேதாஸ்’. மூன்றுக்கும் பொருள் சக்கரத்தை உறிஞ்சுபவர் என்பதே. ஜெர்மனில் ‘ஹின்டர்ராட்லுட்ஷர்’, அதாவது பின்சக்கரத்தைச் சப்புபவர். பேச்சில் சுருக்கி ‘லுட்ஷர்’ என்பார்கள், குச்சி மிட்டாய்க்கும் அதே சொல்தான். டச்சு மொழியிலும் சக்கரம் உறிஞ்சிதான். தாய்ப்பாலை விடாமல் சப்பும் குழந்தையின் படம் இந்தச் சொற்களுக்கு அடியில் இருக்கிறது என்பது என் ஊகம். கேட்கும்போதே கொஞ்சம் கூசவைக்கும் சொல், வசவுக்கு அந்தக் கூச்சம் தேவை.

மறுபக்கத்தையும் கவனியுங்கள். முன்னால் நின்று உழைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘புல்’ என்று பெயர், இழுப்பு. காற்று மறைவில் போவதற்கான ‘டிராஃப்டிங்’ என்ற சொல்லும் இழுத்தல் என்னும் பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்ததே. முன்னவர் இழுக்கிறார், பின்னவர் உறிஞ்சுகிறார். நம் ஆட்களும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே, “இவ்வளவு நேரம் நான்தான் இழுத்துட்டு வர்றேன்” என்றுதான் சலித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் தமிழில் ‘சக்கர உறிஞ்சி’ என்று வைத்துவிடலாமா? வேண்டாம். ‘உறிஞ்சி’ என்றதும் ஏதோ கருவி நினைவுக்கு வருகிறது, ஆள் வருவதில்லை. ‘ஒட்டுண்ணி’ என்று சிலர் சொல்கிறார்கள். உயிரியல் பாடத்தில் நல்ல சொல், அரசியல் மேடையில் கடுமையான சொல். காலையில் ஒன்றாகக் கிளம்பிய நண்பனைப் பார்த்துச் சொல்லும் அளவுக்கு அதில் ஈரம் இல்லை. ‘அட்டை’ நெருங்கி வருகிறது. அட்டை ஒட்டவும் செய்யும், உறிஞ்சவும் செய்யும்; “அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டான்” என்பது நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற பேச்சு. உவமையாகச் சொல்ல அருமை, ஆனால் பெயராக வைத்தால் ‘சக்கர அட்டை’ காகித அட்டையாகிவிடுகிறது.

நான் வந்து நின்ற இடம் இரண்டு எளிய வினைச்சொற்கள்: ஒதுங்கு, ஒண்டு.

மழைக்கு ஒதுங்கினோம் என்கிறோம். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் என்கிறோம். ஒதுங்குவது என்பது இயற்கையின் தாக்குதலிலிருந்து சற்று நேரம் மறைவு தேடுவது. அதில் குற்றம் எதுவும் இல்லை. மழை விட்டதும் கிளம்பிவிடுவோம் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. டிராஃப்டிங் என்பதற்குக் ‘காற்றுக்கு ஒதுங்குதல்’ என்பதைவிடப் பொருத்தமான தொடரை என்னால் நினைக்க முடியவில்லை. மறைவான இடத்துக்கு ‘ஒதுக்கு’ என்ற பெயர்ச்சொல்லும் இருக்கிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் உருவாகும் அந்த அமைதியான சிறு வெளி, சட்டென்று காதுக்குள் இரைச்சல் அடங்கும் அந்த ஒரு மீட்டர் இடம், அதுதான் ‘காற்றொதுக்கு’. குறுக்குக் காற்றில் காற்றொதுக்கு நேர் பின்னால் இருக்காது, பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். “ஒதுக்கு இடப்பக்கம் இருக்கு, இந்தப் பக்கம் வா” என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக வருகிறது.

ஒண்டுவது வேறு. ஒண்டுபவரும் மறைவுதான் தேடுகிறார், ஆனால் அடுத்தவரின் இடத்தில் ஒட்டிக்கொண்டு தேடுகிறார். எப்போது கிளம்புவார் என்பதற்கு உறுதி இல்லை. ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லில் இருக்கும் நெருக்கடி அதில் இருக்கிறது. அப்புறம் அந்தப் பழமொழி: ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியதாம். நிழலுக்கு வந்தவர் நிழல் கொடுத்தவரையே துரத்திவிட்டார். அறுபது கிலோமீட்டர் பின்னாலேயே வந்துவிட்டுக் கடைசி இருநூறு மீட்டரில் தாண்டிப் போகிறவரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. உறிஞ்சுவது என்ற ஐரோப்பிய உருவகத்தில் இந்தக் கடைசிக் காட்சி இல்லை. நம் ‘ஒண்டு’ அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

ஆகவே செயலுக்கு ‘ஒண்டல்’, ஆளுக்கு ‘ஒண்டல்காரர்’. கிண்டலுக்கு ‘ஒண்டல் பேர்வழி’. இரண்டு சொற்களையும் பிரித்து வைத்துக்கொள்வது முக்கியம். எல்லோரும் ஒதுங்குகிறோம், சிலர் மட்டுமே ஒண்டுகிறார்கள்.

இந்தப் பிரிவு இல்லாததால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன. புதிதாகச் சேர்ந்தவர், உடம்பு தேறிவருபவர், வேகத்துக்கு ஈடுகொடுக்கவே திணறுபவர் ஆகியோர் பின்னாலேயே இருந்தால் அவர்கள் ஒதுங்குகிறார்கள், அவ்வளவுதான். முதலிலேயே, “இன்னிக்கு என்னால முன்னால வர முடியாது, கூட்டிட்டுப் போங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எந்தக் குழுவும் முகம் சுளிக்காது. நானே காய்ச்சல் விட்ட வாரத்தில் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். இரண்டரை மணி நேரம் என்னை ஒதுக்கிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பந்தயத்திலும் இப்படித்தான். கூட்டத்தைப் பிரிந்து முன்னால் போன குழுவில் இருப்பவர், பின்னால் தன் அணித்தலைவர் துரத்தி வருகிறார் என்றால், முறை எடுக்க மறுப்பது அவருடைய கடமை. அவரைத் திட்டுவார்கள், ஆனால் அவர் ஒண்டல்காரர் அல்ல.

விதியே தலையிடும் இடங்களும் உண்டு. ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டிபோடும் தனிநபர் நேரப் பந்தயத்தில், முன்னால் கிளம்பியவரை எட்டிப் பிடித்தால்கூட அவர் மறைவில் ஓட்டக் கூடாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில், நீண்டதூரப் போட்டிகளில் முன்னவருக்கும் பின்னவருக்கும் பொதுவாக 12 மீட்டர் இடைவெளி வேண்டும், மீறினால் தண்டனை. ஆனால் 2000-இல் சிட்னியில் டிரையத்லான் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது சைக்கிள் பகுதியில் ஒதுங்குவது அனுமதிக்கப்பட்டது. ஒரே விளையாட்டில் ஓரிடத்தில் உத்தி, இன்னோரிடத்தில் குற்றம்.

இந்த வசவு ஒருவரைக் காலமெல்லாம் துரத்திய கதையும் உண்டு. நெதர்லாந்தின் சைக்கிள் பந்தய வீரர் யோப் ஸூட்டமெல்க். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் கோலோச்சிய காலத்தில் அவர் பின்னாலேயே ஓட்டினார் என்று பெயர் வாங்கியவர். பிரான்சின் மூன்று வாரப் பந்தயமான டூர் தெ பிரான்ஸ் முழுக்க வெயிலில் ஓட்டியும் ஸூட்டமெல்க் ஏன் வெளுப்பாகவே இருக்கிறார்? எப்போதும் மெர்க்ஸின் நிழலில் இருப்பதால். அந்நாளில் பரவலாகச் சொல்லப்பட்ட கிண்டல் இது. ஆனால் அந்த மனிதர் டூரில் ஆறு முறை இரண்டாமிடம் பெற்றவர், 1980-இல் வென்றவர், 1985-இல் தம் 38-ஆம் வயதில் உலகச் சாம்பியன் ஆனவர். மெர்க்ஸின் சக்கரத்தில் மூன்று வாரம் ஒட்டியிருக்க எத்தனை பேரால் முடிந்தது என்று பார்த்தால், அது ஒண்டல் அல்ல, தாக்குப்பிடித்தல். இந்தச் சொல்லை வீசுவதற்கு முன் அவரை நினைத்துக்கொள்வேன்.

சாலையில் முன்பின் தெரியாதவர் சத்தமில்லாமல் பின்னால் ஒட்டிக்கொள்வதுதான் எனக்கு உண்மையில் கோபம் தருவது. அது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. அவர் இருப்பது தெரியாமல் நான் ஒரு பள்ளத்தைத் தவிர்க்கத் திரும்பினால், அவருடைய முன்சக்கரம் என் பின்சக்கரத்தில் உரசும். உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் இருப்பவர்தான். “பின்னால வர்றேன் அண்ணே” என்ற ஒரு குரல் போதும். நானும் பள்ளம் வந்தால் கையைக் காட்டுவேன்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆளைக் குறிக்க ‘ஒண்டி’ என்று சுருக்கிவிடாதீர்கள். ஒண்டி என்றால் தமிழில் தனி ஆள். ஒண்டிக்கட்டை, ஒண்டிக்கு ஒண்டி. கன்னடத்திலும் தெலுங்கிலும்கூட இதையொத்த சொல்லுக்குத் தனிமை என்றே பொருள். கூட்டத்தை உதறிவிட்டுக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு தனியாக முன்னால் போகிறவருக்கே அந்தச் சொல்லை விட்டுவைப்போம். அப்போது ஒரு பந்தயத்தின் கதையை இப்படிச் சொல்லிவிடலாம்: ஒண்டியாகப் போனவரை, கோட்டுக்கு நூறு மீட்டர் முன்னால், ஒண்ட வந்தவர் பிடித்துவிட்டார்.